கீழக்கோடியும் ஒரு கூட்டல் குறியும்

அன்று செய்முறைத் தேர்வு. கைப்பேசியை விதிப்படி அணைத்து மேசை இழுப்பறையில் போட்டிருந்தேன். அதனால் காரைக்காலில் பாதிப் பேருக்குத் தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அலுவலக உதவியாளர் செல்வி ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்று செருப்பைக் கழற்றினார். முதல்வர் அறைக்குள்ளேயே செருப்போடு போகிறவர் அவர். அப்போதே என்னவோ என்று நினைத்தேன்.

“சார், நம்ம ஃபிலோமினா மேடம் போயிட்டாங்க சார். காலையில பூசைக்குப் போயிட்டு வந்து நாற்காலியில உக்காந்தவங்கதான். அவங்க அக்கா காபி கொண்டாந்து பாக்குறதுக்குள்ள…” என்றார்.

வெளித்தேர்வாளர் நிமிர்ந்து பார்த்தார். மாணவர்கள் நிறமாலைமானியில் கோணம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தேர்வைப் பாதியில் விட்டுப் போக முடியாது. பன்னிரண்டு பேருடைய பதிவேட்டையும் பார்த்துக் கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். எப்படிப் போட்டேன் என்று இப்போது கேட்டால் தெரியாது.

அடக்கம் நடந்து பத்து நாள் கழித்து எங்கள் இயற்பியல் துறையில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். உங்களில் பலர் வந்திருந்தீர்கள். துறைத்தலைவர் நன்றாகவே பேசினார். நடுவில், இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தலாம் என்று நினைத்தாரோ என்னவோ, “மேடத்துக்குக் கணக்கு வரும், திசைதான் வராது. இத்தன வருஷ ஆராய்ச்சியில ஒரே ஒரு தப்பு பண்ணாங்க. அதையும் அவங்களே உலகத்துக்குச் சொல்லி ஒத்துக்கிட்டாங்க. அந்தப் பெருந்தன்மை யாருக்கு வரும்?” என்றார். கூட்டத்தில் ஒரு சின்னச் சிரிப்பு எழுந்து அடங்கியது. நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அடுத்து என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். நான் எழுந்து போய், ஃபிலோமினாவின் நேரந்தவறாமையைப் பற்றி ஐந்து நிமிடம் பேசிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அவர் ஒரு நாளும் நேரத்துக்கு வந்ததில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

வேறு எதைப் பேசினாலும் அந்தத் தவறு நடுவில் வந்து நிற்கும் என்ற பயத்தில்தான் அப்படி உளறினேன். அந்தத் தவறு ஃபிலோமினாவுடையது இல்லை. என்னுடையது. அவர் அதைத் தன் பெயரில் எழுதிக்கொண்டார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினோரு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நினைவு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள் என்று துறையில் கேட்டபோது, இதை எழுதாமல் வேறு எதை எழுதினாலும் அது இன்னொரு நேரந்தவறாமைப் பேச்சாகிவிடும் என்று தோன்றியது. இரண்டு பக்கத்துக்குள் அடங்கவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் அவரும் ஒரே மாதத்தில் கல்லூரியில் சேர்ந்தோம். எனக்கு விழிதியூர், நெல் விவசாயக் குடும்பம். அவருக்குக் காரைக்கால் டவுன், மாதா கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. அவருடைய அப்பா கடைசிவரை நகராட்சியை ‘மேரி’ என்றுதான் சொல்வார். பிரெஞ்சுக்காரர்கள் காலத்துப் பெயர். வீட்டு வரி கட்டப் போனால்கூட “மேரிக்குப் போயிட்டு வந்துடறேன்” என்பார். முதல் தடவை அந்த வீட்டுக்குப் போனபோது மேரி என்றால் யாரோ சொந்தக்காரப் பெண்மணி என்று நினைத்து, “அவங்க நல்லா இருக்காங்களா?” என்று கேட்டுவைத்தேன். ஃபிலோமினா அதைச் சொல்லிச் சொல்லியே பல வருடம் என்னைக் கிண்டல் செய்தார்.

துறையில் எங்கள் இருவருக்கும் ஒரே அறை, ஒரே மின்விசிறி. அவருக்குக் காற்று ஆகாது. எனக்குக் காற்று இல்லாமல் ஆகாது. முதல் ஆறு மாதம் நாங்கள் பேசிக்கொண்டது பெரும்பாலும் அந்த விசிறியைப் பற்றித்தான். பிறகு ஒரு நாள் அவர் மேசையில் விரித்திருந்த தாளில் என் கண் பட்டது. நான் முனைவர் பட்டத்துக்கு எந்தக் கணக்கில் முட்டிக்கொண்டு நின்றேனோ, அதே கணக்கில் அவரும் வேறு பக்கமிருந்து வந்து முட்டிக்கொண்டு நின்றார். அன்றைக்கு விசிறி ஓடியதா இல்லையா என்று இருவருக்கும் நினைவில்லை.

அந்தக் கணக்கு என்னவென்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கார்பன் அணுவும் ஆக்ஸிஜன் அணுவும் சேர்ந்த ஒரு மூலக்கூறு. அதிலிருந்து ஒரு எலக்ட்ரானைப் பறித்துவிட்டால் அது அயனி. வால்நட்சத்திரத்தின் நீல நிற வாலில் இருப்பது இந்த அயனிதான். இதன் மேல் ஒரு ஹீலியம் அணு வந்து மோதினால் எந்தப் பக்கம் சிதறும்? அயனி எவ்வளவு வேகமாகச் சுழல ஆரம்பிக்கும்? இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஈர்ப்பையும் விலக்கத்தையும் புள்ளி புள்ளியாகக் கணக்கிட்டு ஃபிலோமினா அட்டவணை தருவார். அந்த அட்டவணையை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான மோதல்களைக் கணினியில் நடத்திப் பார்க்கும் நிரலை நான் எழுதுவேன். பெரிய கணினி எதுவும் எங்களிடம் இல்லை. மாணவர்கள் வீட்டுக்குப் போன பிறகு ஆய்வுக்கூடத்தில் மிச்சமிருக்கும் நான்கு கணினிகள். மாலையில் ஓட்டிவிட்டுப் போவோம். கரண்ட் போகாமல் இருந்தால் மறுநாள் விடை இருக்கும்.

எங்களுக்குள் ஒரு நோட்டு இருந்தது. நீல அட்டை போட்ட நீள நோட்டு. அதில் எல்லாமே தமிழில்தான் எழுதுவோம். இது அவர் கொண்டுவந்த வழக்கம். ஆரம்பத்தில் எனக்கு இது வீம்பாகத் தெரிந்தது. ஆய்விதழுக்கு எப்படியும் ஆங்கிலத்தில்தானே எழுதப்போகிறோம், எதற்கு இரட்டை வேலை என்று கேட்டேன். “சார், நாம இங்கிலீஷ்ல பேசும்போது நீங்க தலையாட்டுறீங்க, நானும் தலையாட்டுறேன். தமிழ்ல சொன்னாத்தான் எனக்குப் புரியலங்கறதே எனக்குப் புரியுது” என்றார். அது உண்மைதான். தமிழில் ஒரு வரியை எழுதப் பேனாவைத் திறந்துவிட்டு, எழுத முடியாமல் மறுபடி புத்தகத்தைப் புரட்டிய நாட்கள் பல.

யாருக்கும் எதையும் விளக்கிவிட முடியும் என்ற நம்பிக்கை அவருக்கு உண்டு. கோட்டுச்சேரிமேட்டிலிருந்து மீன் கொண்டுவரும் அஞ்சலை ஒரு நாள் அவர் வீட்டு வாசலில் கூடையை இறக்கிவிட்டு, “எந்நேரமும் என்னதான் எழுதுவீங்க டீச்சர்?” என்று கேட்டுவிட்டார். நானும் அங்கே இருந்தேன். ஃபிலோமினா கொஞ்சமும் யோசிக்கவில்லை.

“அஞ்சல, ஒரு உலக்கை அந்தரத்துல சுத்திக்கிட்டிருக்குன்னு வச்சுக்க. அது மேல நீ ஒரு எலுமிச்சம்பழத்த எறியிற. பழம் எந்தப் பக்கம் தெறிக்கும்?”

“உலக்க எப்படி நிக்குதோ அதப் பொறுத்து. பூண் பக்கம் பட்டா ஒரு மாதிரி போவும், நடுவுல பட்டா ஒரு மாதிரி போவும்.”

“அதத்தான் எழுதிக்கிட்டிருக்கேன்.”

அஞ்சலை அவரை மேலும் கீழும் பார்த்தார். “இதுக்குச் சம்பளம் வேற குடுக்குறாங்களா?” என்று கேட்டுவிட்டு, செதில் சீவ ஆரம்பித்தார். அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் ஃபிலோமினாவுக்கு விக்கல் வந்து தண்ணீர் குடிக்க வேண்டியதாயிற்று. அந்த வருடம் முதுகலை மாணவர்களுக்குச் சிதறல் பாடத்தை அவர் உலக்கையிலிருந்துதான் தொடங்கினார்.

பூண் பக்கம் ஒரு மாதிரி, நடுவில் ஒரு மாதிரி என்று அஞ்சலை சொன்னாரே, அதில்தான் எங்கள் வேலையின் கஷ்டம் முழுவதும் இருந்தது. சுலபமான வழி ஒன்று உண்டு. சுழல்கிற அயனியின் எல்லாத் திசைகளுக்கும் முதலிலேயே ஒரு சராசரி எடுத்துவிட்டால் அது ஒரு பந்து மாதிரி ஆகிவிடும். பந்தின் மேல் மோதுவதைக் கணக்கிடுவது ஒரு மத்தியான வேலை. நான் எத்தனையோ தடவை அதற்கு மன்றாடியிருக்கிறேன். அவர் அசையவே இல்லை. “மோதவிடுங்க சார். எல்லாப் பக்கமும் மோதவிட்டுட்டு அப்பறமா சராசரி எடுங்க. மொதல்லயே எடுத்துட்டா அது நம்ம அயனி இல்ல, வேற எதுவோ” என்பார். ஆசிரியர் அறையில் யாரையாவது நான் “மொத்தத்துல சுமாரான ஆளு” என்று சொல்லிவிட்டாலும் இதே பதில்தான் வரும். “எத்தன பக்கம் மோதிப் பாத்தீங்க?” என்பார்.

இதையெல்லாம் படித்துவிட்டு அவரைப் புனிதையாக்கிவிட வேண்டாம். பிடிவாதக்காரர். தன் பேனாவை ஒருவரும் தொடக்கூடாது. எட்டரை மணிக்கு வருகிறேன் என்றால் ஒன்பதே காலுக்கு வருவார். வந்ததும், “நீங்க ஏன் சீக்கிரம் வந்தீங்க?” என்று நம்மையே கேட்பார். கோபம் வந்தால் மூன்று நாள் பேச மாட்டார். நான்காம் நாள் எதுவும் நடக்காதது மாதிரி, விட்ட இடத்திலிருந்து சமன்பாட்டைத் தொடர்வார். எனக்கும் அவருக்கும் நடந்த சண்டைகளில் முக்கால்வாசியை நான்தான் ஆரம்பித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி அந்தத் தவறு.

அவர் தரும் அட்டவணையில் ஹீலியத்தின் தூரம், கார்பனுக்கும் ஆக்ஸிஜனுக்கும் சரி நடுவிலிருக்கும் புள்ளியிலிருந்து அளக்கப்பட்டிருக்கும். ஆனால் அயனி சுழல்வது அந்த நடுப்புள்ளியைச் சுற்றி அல்ல, எடைமையத்தைச் சுற்றி. ஆக்ஸிஜன் கனம் கூட. எனவே எடைமையம் ஆக்ஸிஜன் பக்கம் கொஞ்சம் தள்ளி இருக்கும். அளவு தொடங்கும் புள்ளியை அந்தப் பக்கம் நகர்த்தியாக வேண்டும். நிரலில் இதற்கு ஒரே ஒரு வரி. அந்த வரியில் ஒரு குறி, கூட்டலா கழித்தலா என்பதுதான் கேள்வி.

ஃபிலோமினா நோட்டில் அயனியைப் படுக்கைவாட்டில் வரைந்திருந்தார். இடது ஓரம் கார்பன், வலது ஓரம் ஆக்ஸிஜன். வரைபடம் பார்ப்பது மாதிரி, இடது மேற்கு, வலது கிழக்கு. படத்துக்கு அடுத்த பக்கத்தில் இப்படி எழுதியிருந்தார்: “எடைமையத்தைக் கீழக்கோடிப் பக்கம் தள்ள வேண்டும்.” அந்த வாரம் அவர் புதுச்சேரியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். கட்டுரையை அனுப்ப வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. அந்த அவசரம் அவருடையது அல்ல, என்னுடையது. என் பதவி உயர்வு விண்ணப்பத்தில் அந்தக் கட்டுரையைக் காட்ட வேண்டியிருந்தது. என் கணினித் திரையில் அயனி நெட்டுக்குத்தாக நின்றது. மேலே ஆக்ஸிஜன், கீழே கார்பன். நான் ‘கீழக்கோடி’ என்று படித்தேன். கீழே இருக்கிற கோடி என்று எடுத்துக்கொண்டேன். மையத்தைக் கார்பன் பக்கம் தள்ளினேன். கழித்தல் வர வேண்டிய இடத்தில் கூட்டல் போட்டேன்.

நான் பிறந்து வளர்ந்தது விழிதியூர் கீழத்தெருவில். மேலத்தெரு ஒன்றும் எங்கள் தெருவைவிட மேட்டில் இல்லை. மேல என்றால் மேற்கு, கீழ என்றால் கிழக்கு. வழி கேட்டு வருகிற யாருக்கும் ஆயிரம் தடவை அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். தவிர, ஆக்ஸிஜன் கனம் என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா? தெரியும். அன்றைக்கு யோசிக்கவில்லை. நோட்டில் ஒரு பக்கத்தைப் பின்னால் திருப்பியிருந்தால் படம் இருந்தது. திருப்பவில்லை.

கட்டுரை வெளிவந்தது. அவர் பெயர் முதலில், என் பெயர் இரண்டாவது. சிதறல் கோணங்களின் மொத்தக் கணக்கு கிட்டத்தட்டச் சரியாகவே இருந்ததால் மதிப்பீட்டாளர்கள் கண்ணில் எதுவும் படவில்லை. சில மாதங்களில் பிரான்சிலிருந்து ஓர் ஆய்வுக்கூடம் அவருக்குக் கடிதம் எழுதியது. அவர்கள் பரிசோதனையில் அளக்கிறார்களாம், ஒரு வருடம் வந்து கூட இருந்து கணக்குப் போட்டுத் தர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். ஃபிலோமினா துறை முழுக்கக் கேக் வாங்கிக் கொடுத்தார். அவருடைய அப்பா மகளுக்குத் தினமும் ஒரு மணி நேரம் பிரெஞ்சு பேசப் பழக்கினார். என்னைப் பார்த்தால் அவர், “இவ உச்சரிப்பக் கேட்டா அந்த ஊர் மேரியில பிறப்புச் சான்றிதழ்கூடத் தர மாட்டான்” என்று பெருமையாகச் சலித்துக்கொள்வார்.

ஹீலியத்துக்குப் பதிலாக ஆர்கானை வைத்து அடுத்த கணக்கைத் தொடங்கியபோதுதான் அவர் கண்டுபிடித்தார். அயனி அளவுக்கு மீறிச் சுழல்கிறது என்று முதலில் சந்தேகப்பட்டார். ஒரு வாரம் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. தன் அட்டவணையில்தான் கோளாறு என்று நினைத்து முழுவதையும் மறுபடி போட்டிருக்கிறார். பிறகு ஒரு புதன்கிழமை மத்தியானம் என்னைக் கூப்பிட்டார்.

“சேகர் சார், இந்த வரியில கூட்டல் எப்படி வந்துச்சு?”

“உங்க குறிப்புல இருந்தபடிதான் மேடம் போட்டேன்.”

“என் குறிப்புல கீழக்கோடின்னு இருக்கு.”

“ஆமா. கீழ இருக்கற கோடி. இதோ கார்பன்.” திரையைக் காட்டினேன்.

அவர் திரையைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எனக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது. ஆனாலும் வாயில் வந்தது வேறு. “எழுதினது ரெண்டு அர்த்தம் குடுக்குது மேடம். தெளிவா எழுதியிருக்கலாம்” என்றேன்.

அவர் நோட்டை மூடினார். பிறகு, “குடுக்குதுதான். அம்புக்குறி போட்டிருக்கணும்” என்றார்.

கட்டுரையில் சுழற்சியைப் பற்றிச் சொல்லியிருந்த எண்கள் எல்லாமே தப்பு. ஆய்விதழுக்குத் திருத்தக் குறிப்பு அனுப்பியே ஆக வேண்டும் என்றார். கொஞ்சம் பொறுக்கலாமே என்றேன். பதவி உயர்வு நேர்காணலுக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. “தப்புன்னு தெரிஞ்ச எண்ண வேற யாராவது எடுத்துப் பயன்படுத்திக்கிட்டிருப்பாங்க சார். எப்படிப் பொறுக்கறது?” என்று கேட்டார். மறுநாள் குறிப்பை அவரே எழுதிக் கொண்டுவந்தார். நான்கு வரி. முதல் ஆசிரியரின், அதாவது அவருடைய, குறிப்பில் திசை தவறாகக் குறிக்கப்பட்டதால் பிழை நேர்ந்தது என்று அதில் இருந்தது. படித்துவிட்டு, “இது சரியில்ல மேடம்” என்றேன். குரல் எவ்வளவு மெல்ல வந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

“எழுதுனது நான்தானே? உங்களுக்கு இன்டர்வியூ இருக்கு. எனக்கு இல்ல. போடுங்க கையெழுத்த” என்றார்.

தன் பேனாவையே நீட்டினார். வாங்கிப் போட்டேன்.

பதவி உயர்வு கிடைத்தது. பிரான்சிலிருந்து அவருக்கு வந்த அடுத்த கடிதத்தில், திட்டம் தற்போதைக்குத் தள்ளிவைக்கப்பட்டிருப்பதாக இருந்தது. திருத்தக் குறிப்பால்தான் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. வேறு காரணமாகவும் இருந்திருக்கலாம் என்று நான் பல தடவை எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதன் பிறகு அழைப்பு வரவில்லை. அவருடைய அப்பா பிரெஞ்சு வகுப்பை நிறுத்திவிட்டார்.

துறையில் விஷயம் பரவியது. யாரும் கெட்ட எண்ணத்தில் பேசவில்லை. ஆனால் ‘திசை தெரியாத மேடம்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. மாணவர்கள் வாயில் அது ‘திசை மேடம்’ ஆகிச் சுருங்கியது. சுற்றுலா போகும்போது, “மேடத்துகிட்ட வழி கேக்காதீங்கப்பா” என்று யாராவது சொல்வார்கள். முதலில் சிரிப்பது அவராகத்தான் இருக்கும். போலகம் பேருந்து எந்தப் பக்கம் நிற்கும் என்று ஒரு பெரியவர் கேட்டதற்கு, “எனக்குத் திசை தெரியாதுங்க, இவர கேளுங்க” என்று என்னைக் கை காட்டினார். நான் அந்தப் பெரியவருக்கு வழி சொன்னேன். சரியாகத்தான் சொன்னேன்.

ஒரே ஒரு தடவை அவரிடம் பேச்செடுத்தேன். அவர் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வாரம், மேசையைக் காலி செய்துகொண்டிருந்தார். “பிரிவு உபசாரக் கூட்டத்துல நான் எல்லார்கிட்டயும் சொல்லிடலாம்னு இருக்கேன் மேடம்” என்றேன். எதைச் சொல்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. நூலக அட்டைகளை ரப்பர் வளையம் போட்டுக் கட்டிக்கொண்டே, “சொல்லணும்னு உங்களுக்குத் தோணுனா சொல்லுங்க. எனக்காகச் சொல்ல வேணாம். நான் பாட்டுக்கு இருக்கேன்” என்றார். அவர் மன்னித்துவிட்டார் என்று அதை எடுத்துக்கொண்டு, நான் சொல்லாமல் விட்டேன். அது மன்னிப்பா, என்னை என் பாட்டுக்கு விட்டதா என்று இப்போது கேட்க ஆள் இல்லை. ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் இருந்தார். அதற்குள் ஒரு நாளாவது போய்ச் சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருக்கிறது.

இரங்கல் கூட்டத்துக்கு மறுநாள் ஆய்விதழுக்கு எழுதினேன். பிழை நிரலை எழுதிய இரண்டாம் ஆசிரியருடையது, முதல் ஆசிரியரின் குறிப்பு இரண்டு விதமாகப் பொருள்படும்படி இருந்தாலும் பொறுப்பு என்னுடையதே என்று எழுதியிருந்தேன். துறைத்தலைவரிடமும் சொன்னேன். “இப்ப எதுக்கு சார் அதெல்லாம்? அவங்களே போய்ச் சேந்துட்டாங்க” என்றார். அதனால்தான் இப்போது என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அவர் வீட்டுக்குப் போனேன். அப்பா காலமாகிச் சில வருடம் ஆகிறது. அக்கா ரெஜினா மட்டும் இருந்தார். பள்ளிப்படிப்போடு நின்றவர். தையல் வேலை செய்து, தங்கையைப் படிக்கவைத்ததில் பாதிப் பங்கு அவருடையது. எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

“திசை கெட்டவன்னு நாங்களே கூப்புட்டிருக்கோம்ங்க. ஆட்டோக்காரருக்கு அவ வழி சொன்னா, நீ சும்மா இருடிம்பேன். சிரிச்சிக்கிட்டே வாய மூடிக்குவா” என்றார். குரல் உயரவில்லை. என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

பிறகு, “அது என்ன தப்புன்னு எனக்கும் சொல்லுங்க. அவ வேலைய நான் ஒரு நாளும் கேட்டுக்கிட்டதில்ல” என்றார்.

மேசையில் கிடந்த நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில், ஃபிலோமினா நோட்டில் வரைந்திருந்தபடியே வரைந்தேன். படுக்கைவாட்டில் ஒரு கோடு, இடது ஓரம் கார்பன், வலது ஓரம் ஆக்ஸிஜன். அடியில் அவர் எழுதிய வரியை எழுதினேன். இந்த வார்த்தை இரண்டு விதமாக அர்த்தம் தரும், அதில் நான் குழம்பிவிட்டேன் என்று விளக்கத் தொடங்கினேன். ரெஜினா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரியைப் படித்தார். நான் பேசி முடிக்கும்வரை காத்திருக்கவில்லை. ஆக்ஸிஜன் மேல் விரலை வைத்தார்.

“கீழக்கோடின்னா இதுதானே? கடல் பக்கம்.”

“ஆமாங்க.”

“இதுல என்ன ரெண்டு அர்த்தம் இருக்கு?”

பதினோரு வருடமாக நான் பிடித்துக்கொண்டிருந்தது அந்த இரண்டு அர்த்தத்தைத்தான். ஆய்விதழுக்கு எழுதிய கடிதத்தில்கூட விடாமல் அதை எழுதியிருந்தேன். அவர் தாளை இன்னொரு முறை படித்துவிட்டு என் பக்கம் நகர்த்தினார். “அவ சரியாத்தானே எழுதியிருக்கா” என்றார். காபி தரட்டுமா என்று கேட்கவில்லை. கேட்காததே எனக்குச் சரியாகப் பட்டது.

கிளம்பும்போது, தங்கையின் நினைவாக மேசையிலிருந்து எதையாவது எடுத்துக்கொள்கிறீர்களா என்று மட்டும் கேட்டார். வேண்டாம் என்றேன். வீட்டுக்கு வந்ததும் ஆய்விதழுக்கு இன்னொரு கடிதம் எழுதினேன், அந்த ‘இரண்டு விதமாக’ என்பதை நீக்கச் சொல்லி. ஃபிலோமினாவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது எங்கள் நீல நோட்டில் அவர் கையால் எழுதிய ஒரே ஒரு வரி: எடைமையத்தைக் கீழக்கோடிப் பக்கம் தள்ள வேண்டும். அந்த வரியில் பிழை இல்லை.